மீந்த உணவு யாருக்குரியது?

 

வலிமா விருந்தைப் பற்றி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் விடுத்த எச்சரிக்கை ஒன்று அபூஹுரைரா (ரலி) வாயிலாக முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ளது. செல்வர்களை அழைத்து ஏழைகளை விலக்கும் வலிமாவின் உணவே உணவுகளில் கெட்டது என்பது அதன் கருத்து. நம் மண்டபங்களில் நடப்பதோ அதையும் கடந்துவிட்டது. அழைக்கப்பட்டவர்கள் வயிறார உண்டு போன பின்னும் இரண்டு தேக்சா பிரியாணி மூடி திறக்காமல் நிற்கிறது. இரவு பத்து மணிக்கு அதை யாரிடம் கொடுப்பது? விடிந்தால் அது குப்பைத் தொட்டியில்! வெளியே பஸ் நிலையத்தில் பசியோடு படுத்திருப்பவனுக்கு அதன் வாசனை மட்டும் போய்ச் சேர்ந்தது.

2022-ம் ஆண்டில் உலக மக்கள் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் கணக்குத் தந்தது. அதில் உணவகங்களின் பங்கு 29 கோடி, கடைகளின் பங்கு 13 கோடி. மீதி 63 கோடி டன் வீட்டு அடுப்படிகளிலேயே பாழாகிறது. (தாய்மார்கள் கோபிக்க வேண்டாம், அதைப் பற்றித் தனியே எழுத நாடியுள்ளோம், இன்ஷா அல்லாஹ்.)

கொடுக்க மனமில்லாமலா கொட்டுகிறார்கள்? பெரும்பாலோர் அச்சத்தினால் கொட்டுகிறார்கள். சாப்பிட்டவனுக்கு வாந்திபேதி வந்தால் வழக்கு நம் தலையில் விழுமே என்று ஹோட்டல்காரர் நினைக்கிறார். எந்த நிலையில் உள்ள உணவோ என்று அநாதை இல்லத்தார் தயங்குகிறார்கள். இவ்விருவருக்கும் நடுவே நம்பிக்கைக்குரிய மூன்றாமவர் ஒருவர் வேண்டும். அதற்குத்தான் அரசாங்கம் இருக்கிறது.

தர்மத்தில் அரசாங்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ‘தாருத் தகீக்’ என்று ஒரு மாவுக் கிடங்கை ஏற்படுத்தி, மாவும் பேரீத்தம்பழமும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து வைத்து, வழியில் தவித்து நின்றோருக்கு அதிலிருந்து உதவினார்கள் என இப்னு ஸஅத் எழுதுகிறார். வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துப் பிள்ளைகளின் பசியை ஆற்றப் பார்த்த தாய்க்காக, அந்தக் கலீபா மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்ற வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே பாலமாக நிற்பது ஆள்வோரின் கடமை.

பிரான்ஸ் நாட்டில் 2016-ல் ஒரு சட்டம் வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெருங்கடைகள் உண்ணத்தக்க பண்டங்களை அழிக்கக் கூடாது. தர்ம ஸ்தாபனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு அவற்றைக் கொடுத்துவிட வேண்டும். நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் உபரி உணவுக்கென்றே விதிகளை வெளியிட்டது. கட்டாயம் இல்லை, முறை மட்டும் வகுக்கப்பட்டிருக்கிறது. உணவைப் பெற்று வழங்கும் அமைப்பு பதிவு செய்திருக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். பொட்டலத்தில் அது எப்போது தயாரானது, எதுவரை உண்ணலாம், சைவமா அசைவமா என்று எழுத வேண்டும்.

இந்த நிபந்தனைகளை வீண் தொல்லை என்று எண்ணாதீர்கள். நீங்களே முகம் சுளித்துக் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்ற மட்டமான பொருளைத் தர்மத்திற்கு ஒதுக்குவதை அல்லாஹுத்தஆலா பகரா சூராவில் விலக்கியிருக்கிறான். சோறு ஆறிப்போய் நெடுநேரம் கிடந்தால் அதில் ஒருவகை நஞ்சு உண்டாகிவிடும். மறுபடி சூடாக்கினாலும் அது போகாது. மறுநாள் மதியம் நாறத் தொடங்கியபின் மிஸ்கீனுக்கு அனுப்புவதும் ஸதக்காவா? சைவம் அசைவம் என்று எழுதுவதும் அமானிதத்தைச் சேர்ந்ததே. இறைச்சி உண்ணாத பிற சமயத்தவர் கையில் அதைத் தெரியாமல் கொடுப்பது துரோகமாகும். ஆம், அவர்களுக்கும் கொடுக்கலாம். கைதிக்கு உணவளித்தோரைத் தஹ்ர் சூரா புகழ்கிறதே, அந்நாளின் கைதிகள் முஸ்லிம்களா என்ன?

இனி மஸ்அலாவிற்கு வருவோம். மீந்த உணவு யாருடையது? விருந்தாளி தம் முன் வைத்ததை உண்ண அனுமதி பெற்றவரே தவிர, அதற்கு உரிமையாளர் அல்லர். வீட்டுக்காரர் பொருந்திக்கொள்வார் என்று தெரிந்தாலன்றி யாசகருக்கோ பூனைக்கோகூட அதை எடுத்துக் கொடுக்கலாகாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகள் கூறுகின்றன. கூலிக்குச் சமைக்கும் பண்டாரிக்கும் மண்டப மேலாளருக்கும் சட்டம் இதுவே. விருந்து கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். கல்யாண இரவின் பரபரப்பில் மாப்பிள்ளை வீட்டாரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்க முடியுமா? முடியாமல் போவதால்தான் பாதி உணவு கெடுகிறது.

வியாபாரிகள் சிலர், கடையில் மிஞ்சிய ரொட்டியை ஜகாத்தில் கழிக்கலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். ஷாஃபிஈகளுக்கு ஆகாது, வியாபாரப் பொருளின் ஜகாத்தை அதன் மதிப்பிலிருந்து பணமாகவே கொடுக்க வேண்டும். ஹனஃபிகளிடத்தில் நிய்யத்துடன், ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் கையில் உரிமையாக ஒப்படைத்தால் கூடும். பந்தி விரித்து உண்ண வைத்தால் அது ஜகாத்தாகாது. எதற்கு இந்தச் சங்கடம்? மீந்ததை ஸதக்காவாகக் கொடுங்கள், ஜகாத்தைத் தனியே கொடுங்கள்.

தமிழக அரசு 2001-ம் ஆண்டு முதல் ரமலானில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. அதற்கு மனு எழுதி, கணக்குக் காட்டி, வாங்கி வரும் பழக்கம் நம் முத்தவல்லிகளுக்கு நன்றாகவே உண்டு. வாங்குவதற்கு மனு எழுதத் தெரிந்த ஜமாஅத்துக்கு, கொடுப்பதற்கு எழுதத் தெரியாதா? மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரை அணுகி, பதிவு பெற்ற அமைப்பு தம் ஊரில் எது என்று விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை மண்டபச் சமையற்கூடத்தில் எழுதி வைக்கட்டும். அப்படி அமைப்பே இல்லாத ஊரில் மஹல்லா வாலிபர்கள் ஒன்றைத் தொடங்கிப் பதிவு செய்யட்டும். சம்மதத்தை நிகாஹ் தேதி குறிக்க வரும்போதே கேட்டுவிடலாம். மஹர், வலீ, சாட்சிகள் என்று எழுதும் பதிவேட்டில், விருந்தில் மீந்ததைக் கொடுக்கச் சம்மதமா என்று இன்னும் ஒரு கட்டம் போட்டால் போதும்.