விலை ஆயிரம், வரவு எவ்வளவு?

இரும்பு தோசைக்கல் ஒன்றை இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் ஆயிரமும் கைக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். கமிஷன் போகும், கூரியர் போகும். எந்தப் பிடித்தம் ஆளைக் கவிழ்க்கும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுச் சாமான் விற்கப் புதிதாக வருபவர்கள் கமிஷன் சதவீதத்தைப் பார்த்தே மிரள்கிறார்கள். இருப்பதிலேயே சாதுவானது அதுதான். விலைக்குத் தக்கபடி பிடிக்கும், விற்றால்தான் பிடிக்கும். விலையைப் பார்க்காமல் பிடிப்பவற்றிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

தோசைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் விகிதங்கள் மாறும். கணக்கின் போக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். கமிஷன் 10 சதவீதம் என்றால் 100 ரூபாய். ஒவ்வோர் ஆர்டருக்கும் நிலையாகப் பிடிக்கும் கட்டணம் 30. கல் இரண்டரை கிலோ, அட்டைப்பெட்டியோடு 2.7 கிலோ. எடை அரை அரை கிலோவாகத்தான் ஏறும் என்பதால் 3 கிலோவுக்கான கூலி. 150 என்று வைப்போம். மூன்றும் சேர்ந்து 280. இந்தக் கட்டணங்கள் தளம் நமக்குச் செய்த சேவைக்கானவை. ஆகவே அவற்றின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 50 ரூபாய் 40 காசு. பெட்டிக்கும் டேப்புக்கும் 35. மிச்சம் சுமார் 634. கல்லின் அடக்கவிலை 450 என்றால் லாபம் 184. கல்லின் மீதான ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை.

‘இலவச டெலிவரி’ என்று போட்டால் கூரியர் காசை விலைக்குள் ஏற்றுகிறோம். ஏற்றிய காசுக்கும் கமிஷன் போகிறது. தனியாகக் காட்டினால் தப்பலாம் என்றால் அதுவும் பழைய தந்திரம்தான். அமெரிக்காவில் ஈபே விற்பனையாளர்கள் சிலர் பொருளுக்கு அற்ப விலையும் அனுப்பும் செலவுக்குக் கொழுத்த தொகையும் போட்டுக் கமிஷனைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். 2011-இல் ஈபே அனுப்பும் செலவின்மேலும் கமிஷன் விதித்துவிட்டது.

அடுத்தது கூரியர். கல்லை விட்டுவிட்டு இப்போது மூங்கில் கூடைக்கு வருவோம். கூடையின் எடை முக்கால் கிலோகூட இராது. ஆனால் வண்டியில் இடத்தை அடைக்கிறது. அதனால் கூரியர்காரர்கள் இரண்டு எடை பார்ப்பார்கள்: தராசு காட்டுவது ஒன்று, பெட்டியின் அளவு காட்டுவது ஒன்று. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது இங்கே பரவலான வழக்கம். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 40-க்கு 40-க்கு 30 பெட்டி என்றால் 48,000, வகுத்தால் 9.6 கிலோ. தோசைக்கல்லுக்குப் போட்ட அதே விகிதத்தில் 10 கிலோவுக்கு 500 ரூபாய். முந்நூறு ரூபாய்க் கூடைக்கு ஐந்நூறு ரூபாய் வண்டிச்சத்தம்!

கமிஷனைத் தள்ளுபடி செய்வதால் மட்டும் இந்தக் கூடை பிழைக்காது. மீஷோ என்ற விற்பனைத் தளம் 2021-இலேயே கமிஷன் இல்லை என்றது. அமேசான் இந்தியா 2025 ஏப்ரலில் ஏராளமான வகைகளில் 300 ரூபாய்க்குக் கீழுள்ள பொருள்களுக்குக் கமிஷனை நீக்கியது. நல்ல செய்திதான். ஆனால் கூடையைக் கொல்வது கமிஷன் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் காற்று. பெட்டியின் உயரத்தை 30-இலிருந்து 25 ஆக்கினால் அளவெடை 8 கிலோவுக்கு இறங்கும். ஐந்து சென்டிமீட்டரில் நூறு ரூபாய். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கூடைகளை ‘செட்’டாக விற்றால் பெட்டி அதேதான், கூலி மூன்றாகப் பங்கிடப்படும். இணையத்தில் கூடையும் டப்பாவும் செட் செட்டாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவை நாம் ஒன்று எழுத, கூரியர் கிடங்கு இயந்திரம் வேறொன்று காட்டுவதும் உண்டு. அனுபவப்பட்டவர்கள் பெட்டியைத் தராசில் வைத்து, அளவு டேப்பைப் பிடித்து, போட்டோ எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பின்னால் கூடுதல் எடை என்று காசு பிடித்தால் வாதாட அது ஒன்றுதான் சாட்சி.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விற்ற தொகையிலிருந்து தளங்கள் பிடிக்கும் ஜிஎஸ்டி டிசிஎஸ் 2024 ஜூலையிலிருந்து அரை சதவீதம். வருமான வரி டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம். இவை தொலைந்த காசு இல்லை, கணக்குத் தாக்கல் செய்து பெறக்கூடிய, சில காலம் முடங்கும் காசு. கட்டணங்களின் மீதான 18 சதவீதம் அப்படியில்லை: ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வரவு வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் முழுச் செலவு. மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்கள் பதிவு இல்லாமலே தளங்களில் விற்க 2023 அக்டோபரிலிருந்து வழி இருக்கிறது. வெளி மாநிலத்துக்கு ஒரு பெட்டி போனாலும் பதிவு வேண்டும்.

கடைசியாக, திரும்பி வருவது. வாங்கியவர் பிடிக்கவில்லை என்று கல்லைத் திருப்பினால் கமிஷன் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். போன கூலியும் வந்த கூலியும் நம் தலையில் விழும்போது 300, ஜிஎஸ்டியோடு 354, பெட்டிச் செலவோடு 389. இரண்டு கல் விற்ற லாபத்தை விழுங்கியும் அதற்குப் பசி அடங்காது. பத்தில் ஒன்று திரும்பினாலே ஓர் ஆர்டருக்கு 184 என்றிருந்த லாபம் சுமார் 127-க்கு இறங்கிவிடும். பொருள் கையில் வந்தபின் காசு என்னும் சிஓடி ஆர்டர்களில் கதவு திறக்காமலே திரும்பும் பெட்டிகள் தனிக்கதை. கல்சட்டி என்றால் உடைந்தும் திரும்பலாம்.

வாட்ஸ்அப்பில் விற்கும் பலர் அதனால்தான் முன்பணம் வாங்கிக்கொண்டு ‘கூரியர் சார்ஜ் தனி’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். உருளி, ஆட்டுக்கல் போன்ற கனத்த சாமான்களை லாரி பார்சலில் ‘டூ-பே’ போட்டு அனுப்புவார்கள். கூலியை வாங்குபவர் தம் ஊர் பார்சல் ஆபீஸில் கட்டிச் சாமானை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலுக்கு வராது, இரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். நாற்பது கிலோ ஆட்டுக்கல் வேண்டும் என்று தேடி வருபவர் அதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. பார்சல் ஆபீஸுக்குள் ஆட்டோ வருமா என்று மட்டும் கேட்பார்.