எது மகாதீபம்?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் வீடெங்கும் அகல் ஒளிரும். விடியற்காலையில் கோயிலுக்குள் பரணி தீபமும் ஏற்றுவார்கள். ஆனாலும் மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபச் சுடர் எழுந்த பிறகுதான் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கைகூப்பும்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் செல்போனில் மின்னும் கல்லூரிச் செய்திகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ராஜகோபுரம் அருகே பூக்கட்டும் அம்மா ஒருவர், நார் சுற்றிய விரலோடு போனை நீட்டினார். "வாழ்த்துகள்! உங்கள் இடம் தயார். சில இடங்களே மீதம். இன்றே முன்பணம் கட்டுங்கள்." "பொண்ணுக்கு சீட்டு கெடைச்சிடுச்சா சார்?" என்றார். அது அழைப்பு, அனுமதி அல்ல.

பொறியியல் கலந்தாய்வில் இடத்தைத் தருவது வாழ்த்துச் செய்தி அல்ல. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப், தரவரிசை, இட ஒதுக்கீடு, மாணவர் வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியல் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. தற்காலிக ஒதுக்கீட்டை மாணவர் உறுதி செய்த பிறகே ஆணை வரும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு.

தம்பி, தங்கைகளே! செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அனுப்பியது யார்? கேட்பது என்ன? என் பெயரில் ஆணை இருக்கிறதா? மௌனமான போனைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம். அழைப்பு வராதது நிராகரிப்பு ஆகாது.

அகலைக் கண்டு மகிழுங்கள். கும்பிடுவதற்கு மலையுச்சிச் சுடர் வரை பொறுத்திருங்கள்.