பால் பாத்திரத்தோடு நின்றவர்



“எனக்கு வேண்டாம் மக்களே” என்று கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைக்கும் முதிய உம்மாவை, தக்கலையிலும் குளச்சலிலும் நம் வீடுகள் பலவற்றில் காண்கிறோம். “உங்களோடு பெரும் தொல்லை” என்று சலித்துக் கொள்கிறோம். முதுமையடைந்த பெற்றோரை நோக்கி ‘சீ’ என்றும் சொல்லலாகாதென பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருப்பது இந்தச் சலிப்பையும் சேர்த்துத்தானே!

முதுமையில் நாவின் சுவை மங்கும், பல் போகும், சில மருந்துகளும் பசியை அடக்கும். இது பிடிவாதமன்று. நோயாளிகளை உண்ணும்படி வற்புறுத்தலாகாதென்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதீயில் வந்துள்ளது.

ஆனால், வற்புறுத்தாதிருப்பது வேறு, கைவிடுவது வேறு. புகாரீயில் வரும் குகைவாசிகள் மூவருள் ஒருவர், உறங்கிவிட்ட பெற்றோரை எழுப்ப மனமின்றி விடியும்வரை பால் பாத்திரத்தோடு நின்றார். அந்த அமலை முன்வைத்து அவர் துஆச் செய்தபோது, வாயிலை அடைத்த பாறை சற்றே விலகியது.

நாமும் காத்திருப்போம். தட்டு நிறைய வைக்காமல், பயறுக் கஞ்சியைக் குழைய வேகவைத்து, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்போம். நிமிர்ந்து உட்காரவைத்து, அருகமர்ந்து, ‘பிஸ்மில்லாஹ்’ கூறி நாமும் சேர்ந்து உண்போம். விழுங்கச் சிரமமோ, உடல் மெலிவோ கண்டால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

நமக்கு முதல் கவளம் ஊட்டிய கை அது. நாம் துப்பிய போதெல்லாம் அது சலித்ததா?

அப்பொறுமையை வல்ல நாயன் நமக்கும் அருள்வானாக! ஆமீன்.