பாடும் பறவையும் கடல் அட்டையும்



விடியலில் பாடும் குண்டுகரிச்சானை யாவரும் புகழ்வர். கடல் அட்டையை யார் புகழ்வார்? அதற்குக் குரலில்லை, கண்ணில்லை, மூளையுமில்லை. ஆயினும், மன்னார் வளைகுடாவின் அடியில் அது மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய அழுக்கைத் தின்று, மணலைச் சுத்தமாய்த் திருப்பித் தருகிறது.

நாம் செய்ததென்ன? பாட்டுக்காகப் பறவையைக் கூண்டிலடைத்தோம். பணத்துக்காக அட்டையை அவித்து உலர்த்திக் கப்பலேற்றினோம். 2001-ல் இந்திய அரசு அதைப் பிடிக்கலாகாதென்று தடை விதிக்க வேண்டியதாயிற்று. புகழப்பட்டதும் தப்பவில்லை, இகழப்பட்டதும் தப்பவில்லை. ‘எனக்கென்ன பலன்?’ என்ற ஒரே படிக்கல்லால் இரண்டையும் நிறுத்தோமல்லவா?

ஓர் உயிரின் மதிப்பு நம் காதிலுமில்லை, மடிச்சீலையிலுமில்லை. அதைச் சிருஷ்டித்தவரின் சித்தத்தில் உள்ளது. நம் வீட்டில் பேசி மகிழ்விப்பவரையும், வாய்திறவாது உழைப்பவரையும் எந்தப் படிக்கல்லால் நிறுக்கிறோம்? இன்றிரவு ஆத்தும சோதனையில் கேட்டுப் பாருங்கள்.