ஊரார் கடன்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞா நகருக்குச் சட்டம் படிக்க வந்த ஒரு ஜெர்மானிய மாணவனை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற இடம் அது. 1088 ஐ அதன் தொடக்க ஆண்டாகக் கொள்வர். மாணவனின் ஊர் வணிகன் ஒருவன் அந்நகரில் துணி வாங்கிவிட்டுக் காசு கொடாமல் போய்விட்டான். கடைக்காரன் என்ன செய்வான்? கைக்கெட்டியவனைப் பிடிப்பான். மாணவனின் பணமும் உடைமையும் கடனுக்கு ஈடாகப் பறிபோகும். அன்றைய நகரங்களில் இதனை எவரும் களவென்று கொள்ளவில்லை. அது வழக்கம்.

இவ்வழக்கத்தை மூடத்தனம் என்று உடனே ஒதுக்க நான் தயாரில்லை. கடன்காரனோ ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இருக்கிறான். அவனை இழுத்துவரப் பொதுவான நீதிமன்றம் இல்லை. அவன் ஊரவனைப் பிடித்தால் ஊரே அவனை நெருக்கும். ஒருவன் செய்த குழப்படிக்கு வாங்கிலிருக்கும் அத்தனை பிள்ளைகளையும் எழுப்பி நிறுத்தும் வழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு. அதுவும் பலன் தருகிறது. அதனால்தான் இன்னும் ஒழியவில்லை. பலன் தருவதெல்லாம் நீதியாகிவிடுமா?

மாணவர்களைப் பொறுத்தவரை ஆகாது என்று பேரரசன் முதலாம் பிரெடரிக் 1158 இல் தீர்த்தான். 'ஹபிதா' எனப்படும் அவனது ஆணையின்படி, கல்விக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்தவனிடம் அவன் நாட்டார் பட்ட கடனை அறவிடக் கூடாது. அறவிட்டவர் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வழக்கென்று வந்தால், தன் ஆசிரியர் முன்னோ நகர ஆயர் முன்னோ விசாரிக்குமாறு மாணவன் கேட்கலாம். அக்காலத்தில் பேரரசனுக்குச் சட்ட ஆலோசனை கூறியோரில் பொலோஞாவின் பேராசிரியர்கள் நால்வரும் இருந்தனர். மாணவர் கொடுக்கும் பணத்தில் நடந்த கல்வி அது. ஆகவே ஆணையின் பின்னே அறம் மட்டுமே நின்றது என்று நான் சொல்லமாட்டேன்.

என்னை இடறுவது வேறொன்று. மாணவன் தன் ஊராரின் கடனுக்குப் பொறுப்பல்ல என்றால், கடனே வாங்காத இன்னொரு துணி வணிகன் மட்டும் எப்படிப் பொறுப்பாவான்? ஆணை அவனைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நீதியைக் கண்டுகொண்ட பேரரசன் அதைச் சலுகையாகச் சுருக்கிவிட்டான். சலுகை என்றால் கொடுத்தவன் பிடுங்கவும் செய்யலாம்.

மாணவர்கள் ஆணையை மட்டும் நம்பியிராமல் சங்கமாகக் கூடினர். 'யுனிவர்சிதாஸ்' என்ற லத்தீன் சொல் அங்கே முதலில் குறித்தது இப்படிக் கூடியவர்களைத்தான். நகரத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கு நகரச் சட்டமே காவலாயிருந்தது. பிந்தி வந்த பேராசிரியருக்கு மாணவர் தண்டம் விதித்தனர். (ஆசிரியனாகிய எனக்கு இதை வாசிக்கக் கொஞ்சம் நடுக்கம்தான்.) நகரத்தோடு முரண்பட்டால் மூட்டையைக் கட்டினர். 1222 இல் அப்படிப் போனவர்களால் பாதுவாவில் இன்னொரு பல்கலைக்கழகம் உருவாயிற்று. பொலோஞாவில் பல்கலைக்கழகத்துக்கென ஒரு பொதுக் கட்டடம் எழுந்ததோ 1563 இல்தான். அதன் சுவர்களில் மாணவர்களின் குலச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் உள்ளன.

ஊரவன் பட்ட கடனை வந்தவனிடம் கேட்கும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? அத்லாந்திக்குக்கு அப்பால் பார்ப்போம். 2025 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி வெளியிட்ட பிரகடனம் ஒன்று புருண்டி, லாவோஸ், தோகோ உட்படச் சில நாட்டவருக்கு மாணவர் விசா வழங்குவதை நிறுத்திவைத்தது. காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று, அந்நாடுகளிலிருந்து முன்னர் வந்தோரில் இத்தனை வீதத்தினர் தவணை கடந்தும் தங்கிவிட்டனர் என்பது. முதன்முறை விண்ணப்பிக்கும் ஒரு தோகோ மாணவி, அப்படித் தங்கிவிட்ட ஒருவரைக்கூட அறியாதவளாக இருக்கலாம். எல்லையைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பது சிரமம் என்பதும் விளங்குகிறது. பொலோஞாக் கடைக்காரனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

பிரகடனத்தில் விலக்குகளும் இருந்தன. உலகக் கிண்ணம், ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளுக்கு வரும் வீரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் கதவு திறந்திருந்தது. படிக்க வருவோருக்கென ஒரு விலக்கு அதில் இருக்கவில்லை.