கட்டிலுக்குக் கீழே ஓர் இடம்

நாயைக் கட்டிலில் படுக்க விடலாமா என்ற கேள்வி எங்கள் கரிசல் பக்கத்துக்குப் புதுசு. கட்டிலே புதுசு என்பதுதான் காரணம். என் சின்ன வயதில் சிவகாசியைச் சுற்றியிருந்த ஊர்களில் வீட்டுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தால் அதிகம். அதில் தாத்தா படுப்பார், இல்லையென்றால் காய்ச்சல்காரர் படுப்பார், பகலில் மிளகாய் வத்தல் காயும். மற்றவர்களுக்குப் பாய். சித்திரை பிறந்துவிட்டால் பாயும் வீட்டுக்குள் தங்காது, மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்விடும். நாய்க்கென்று யாரும் இடம் ஒதுக்கவில்லை. கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் அதுவாகவே போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தாத்தா புரண்டால் தொய்ந்த கயிறு அதன் முதுகில் இடிக்கும். எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அங்கேயே படுக்கும். உள்ளே விடுவதா வெளியே விரட்டுவதா என்ற பேச்சே எழவில்லை. வானத்தின் கீழ் படுத்திருப்பவர்களுக்கு உள் ஏது, வெளி ஏது?

பேச்சு எப்போது வந்தது என்றால், படுக்கையறைக்குக் கதவு வந்தபோது. ஏ.சி. போட்டால் கதவைச் சாத்த வேண்டும். சாத்தும் நேரத்தில் நாய் இந்தப் பக்கம் நிற்கிறதா அந்தப் பக்கம் நிற்கிறதா என்று முடிவு செய்தாக வேண்டும். கூடவே இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இப்போது கடையில் கிடைக்கும் கட்டில்களில் பல கால் இல்லாதவை. அடிப்பகுதி முழுக்க டிராயர், இல்லையென்றால் தூக்கித் திறக்கிற பெட்டி. போர்வை, பழைய புத்தகம், பொங்கலுக்கு எடுக்கும் பித்தளைப் பாத்திரம் எல்லாம் அதற்குள் போய்விடுகின்றன. தலைமுறை தலைமுறையாக நாய் படுத்த இடத்தை அடைத்துவிட்டு, மேலே ஏறலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். காலண்டர் சீசனில் நாய்க்குட்டிப் படங்கள் கட்டுக் கட்டாகக் கண்ணில் படும். வெள்ளை விரிப்பு, சாட்டின் தலையணை, நடுவில் பொசுபொசுவென்று ஏதாவது ஒரு வெளிநாட்டுக் குட்டி. எங்கள் பக்கத்து நாய் இனங்களான சிப்பிப்பாறையையோ கன்னியையோ அப்படிப் படுக்க வைத்து எடுத்த படம் ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். பாராட்டெல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும்தான். நம் நாய்கள் என்றாலே ஓட வேண்டும், குரைக்க வேண்டும், வாசலில் நிற்க வேண்டும். படுப்பதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது ராஜபாளையம். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பெயர் துரை. கட்டிலில் ஏற்ற வேண்டும் என்பது கல்லூரியில் படிக்கும் என் மகளின் கட்சி. வாசற்படி தாண்டக் கூடாது என்பது அம்மாவின் கட்சி.

“தொரைக்குக் கட்டில் கேக்குதோ?” என்பார் அம்மா. “நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும் அது நாய்தான் யய்யா. சோத்துல முடி கெடந்தா நீதான் திங்கணும்.”

“அப்பத்தா, உங்க தலைமுடியும்தான் சோத்துல கெடக்குது” என்பாள் மகள். அதோடு அன்றைக்குப் பேச்சுவார்த்தை முறியும்.

அம்மா சொல்வதை வெறும் ஆசாரம் என்று தள்ளிவிட முடியாது. புரூனோ சோமெல் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியரும் கலிபோர்னியா பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த பென் சன்னும் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். செல்லப் பிராணிகளோடு படுக்கையைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு வந்த தொற்றுகளை அதில் திரட்டியிருந்தார்கள். பிளேக்கிலிருந்து பூனை கீறி வரும் காய்ச்சல்வரை பட்டியல் நீளும். இப்படி நேர்வது அரிது, ஆனால் நேர்கிறது என்பதே அதன் சாரம். சிறு குழந்தைகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் நாயோடு ஒரே படுக்கையில் படுக்காமல் இருப்பது நல்லது என்றும் சொன்னார்கள். நம் ஊருக்கு வந்தால் பிளேக்கை விடுங்கள், உண்ணி போதும். கரிசல் காட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் காது மடிப்புக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் மிளகளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறிநோய் இருக்கவே இருக்கிறது. கடித்தால்தான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெறிநோய் கண்ட நாய் நம் உடம்பில் ஆறாத புண்ணை நக்கினாலே, ஆழமான கடிக்கு என்ன சிகிச்சையோ அதே சிகிச்சையை எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. வருஷா வருஷம் ஊசி போட்ட நாய் என்றால் இந்தக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். போடாத நாயை வாசலில் படுக்க வைத்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நாயால் நமக்கு என்ன வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நம்மால் நாய்க்கு என்ன போகும் என்று கேட்பாரில்லை. பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை வேலை பார்ப்பவர்கள் சாயங்காலம் வீடு திரும்பும்போது பார்த்தால் தெரியும். அலுமினியப் பவுடர் முழங்கை வரை வெள்ளி பூசினாற்போல் மின்னும், நகக்கண்ணில் கருப்பாக நிற்கும், புருவத்தில்கூட இருக்கும். வீட்டு நாய் ஓடி வந்து முதலில் நக்குவது அந்தக் கையைத்தான். பச்சை நிறத்துக்குச் சேர்த்துவந்த பேரியம் நைட்ரேட் விஷம், நாய்க்கும் மனிதருக்கும் ஒன்றுபோல. என் பெரியப்பா மகன் மணி மருந்து அறையில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கொல்லையில் குளித்து உடுப்பை மாற்றும் வரைக்கும் மதினி நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்க்க மாட்டார். யார் யாருக்கு அழுக்கு என்பதை மதினியிடம்தான் கேட்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் அரிசோனாவில் நாய் வளர்க்கும் 40 பேரின் தூக்கத்தை 7 இரவுகள் அளந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஆளுக்கும் நாய்க்கும் அசைவைப் பதிவு செய்யும் கருவி மாட்டியிருந்தார்கள். நாய் அறைக்குள் வேறு எங்காவது படுத்திருந்தால், படுக்கையில் கழித்த நேரத்தில் 83 சதவீதம் தூக்கமாக இருந்தது. கட்டிலின் மேலேயே படுத்திருந்தால் 80 சதவீதம். எட்டு மணி நேரத்துக்குக் கால் மணி நேர வித்தியாசம், உயிர் போகிற விஷயமில்லை. எனக்கு இதில் பிடித்தது எண்கள் இல்லை. அறைக்குள் இருக்கட்டும், கட்டிலுக்கு மேலே வேண்டாம் என்று கருவி மாட்டிக் கண்டுபிடித்த தூரம், கயிற்றுக் கட்டில்காரர்கள் சும்மா வைத்திருந்த தூரம்தான்.

நாயைக் கேட்டாலும் அதையே சொல்லும் என்று நினைக்கிறேன். மகள் ஒரு நாள் துரையை மெத்தையில் ஏற்றிப் பார்த்தாள். வைகாசி மாதம், மின்வெட்டு. ஃபோம் மெத்தை அடுப்பு மாதிரி கொதித்தது. துரை மூன்று முறை சுற்றி, நாக்கைத் தொங்கப் போட்டு மகள் முகத்தைப் பார்த்தான், இறங்கினான், சிமெண்ட் தரையில் வயிற்றைப் பரப்பிக் கால் நாலையும் நீட்டிக் கிடந்தான். மார்கழியில் வேண்டுமானால் ஏற ஆசைப்படுவான், குட்டை முடி உடம்பு. கட்டில் கௌரவம் என்பது நம் எண்ணம். அவனுக்கு வேண்டியது குளிர்ச்சியும் ஆள் வாடையும்.

கௌரவம் என்று சொன்னதால் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. யார் எதுவரைக்கும் வரலாம் என்பதை அளந்து அளந்து வாழ்ந்த ஊர்கள் எங்களுடையவை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஜமீன், பண்ணை வீடுகளில் வேட்டைக்கென்று சீராட்டி வளர்க்கப்பட்டவை. பண்ணையார் வீட்டு நாய் படியேறித் திண்ணையில் படுக்கும். அதைக் காட்டுக்கு ஓட்டிப் போய்வந்தவர் படிக்குக் கீழே நின்று கஞ்சி வாங்குவார். சாமி காரியத்திலும் இந்த அளவை உண்டு. கல்லில் என்றால் நாய் பைரவரோடு சன்னிதிக்குள்ளேயே நிற்கலாம், உயிரோடு வந்தால் வாசலில் கம்பு எடுப்பார்கள். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் லாப்ரடார் ஏ.சி. அறையில் கட்டிலில் தூங்குகிறது, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் கொல்லைப்புற ஜன்னலில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் உயிரிரக்கம் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தால் நான் கிளம்பிவிடுவேன். அதற்காக நாயை இறக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. டம்ளரை உள்ளே எடுத்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த அளவையெல்லாம் செல்லாமல் போகிற இரவு ஒன்று உண்டு, தீபாவளி. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாயின் காது 45,000 வரை கேட்கும். சட்டப்படி ஒரு பட்டாசு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் சத்தம் எழுப்பலாம். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சரவெடியையும் பேரியம் சேர்ப்பதையும் தடை செய்தது. வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டோம். அதன் பிறகு வந்த பசுமைப் பட்டாசில் முக்கியமாகக் குறைவது புகையும் தூசியும், நாய் பயப்படுவது சத்தத்துக்கு. ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கருப்பியாக நடித்த நாய் 2024 தீபாவளியின்போது வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறந்ததாகச் செய்தி வந்தது. படத்தில் கருப்பி தண்டவாளத்தில் சாவதைப் பார்த்துத் தியேட்டரில் அழுதவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். நாங்கள் செய்து அனுப்பும் பெட்டிகள்தான் நாடெங்கும் வெடிக்கின்றன. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு பட்டாசே கூடாது என்று நான் எழுதினால் என் வீட்டிலேயே யாரும் நம்ப மாட்டார்கள்.

சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் ராஜபாளையம் ஒன்று பிறவிச் செவிடு. வெள்ளை உடம்போடு ஒட்டி வரும் குறை அது, உள்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமல் போவதால் வருவது. தீபாவளியன்று தெருவே அதிர்ந்தாலும் வாசலில் குறட்டை விட்டுத் தூங்கும். சிவகாசிக்கென்றே பிறந்த நாய் என்று சிரிப்போம்.

காது கேட்கிற நாய்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும், அது தாழ்வாகவும் இருட்டாகவும் இருக்க வேண்டும். தீபாவளிக்கு மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் பகல் வேளையில் எப்போதாவது ஒரு சத்தம் வரும், ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் உதறி அடங்கும். உடனே ஆட்கள் மொட்டை மாடிக்கு ஓடுவோம், புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்க்க. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாய் பெயரால் ஊர் அறிந்த சிப்பிப்பாறையிலும் 2020 மார்ச்சில் ஆலை வெடித்துப் பலர் போனார்கள். எந்த ஆலை, யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று போன் பறக்கும். அந்த நேரத்தில் நாயைத் தேட யாருக்கும் நினைவு வராது. அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

அதனால் போன வருஷம் கட்டில் செய்யச் சொன்னபோது, கால் வைத்த கட்டிலாக, அடியில் ஒன்றரை அடி வெறுமையாக வேண்டும் என்றேன். “டிராயர் போட்டா எவ்வளவு சாமான் வைக்கலாம், ஏன் அண்ணாச்சி வீணாக்குறீங்க?” என்றார் ஆசாரி. நாய் படுக்க என்றதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் செய்து கொடுத்தார். இப்போது அங்கே ஒரு சாக்கு விரித்துக் கிடக்கிறது. தீபாவளியன்று பொழுது இறங்குமுன் துரையை ஒரு நடை கூட்டிப்போய் வந்துவிடுவோம். பிறகு ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, டிவியைச் சத்தமாகப் போட்டுவிடுவோம். அவன் வால் நுனிகூட வெளியே தெரியாதபடி உள்ளே போய்விடுவான். இழுக்க மாட்டோம், அதட்ட மாட்டோம். அம்மா இப்போது வாசற்படி விதியைத் தளர்த்தி, அடுப்படிதான் எல்லை என்கிறார். சொல்லிவிட்டு, சாக்கை வாரம் ஒரு தடவை வெயிலில் உதறிப் போடுவதும் அவர்தான்.

மகளுக்கு இந்தச் சமரசம் பிடிக்கவில்லை. படித்து முடித்து வேலைக்குப் போனதும் தனி வீடு எடுப்பாளாம், நாய் வளர்ப்பாளாம், அது கட்டிலில்தான் படுக்குமாம். தாராளமாகப் படுக்கட்டும் என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை வெறிநோய் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து, தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் அதையும் கூட்டி வர வேண்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். நாலாவதாகத் தலையணை உறையைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று அம்மா ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அதற்கு மட்டும் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.