வஞ்சமும் மெய்யும்

பிறரை ஏமாற்றுதலைக் குறிக்க நம் மொழியில் சொற்கள் பல உள: வஞ்சம், படிறு, சூது, கள்ளம், கைதவம். ஒருபொருட்சொற்கள் போலத் தோன்றினும் இவை குற்றத்தின் வெவ்வேறு முகங்களைக் காட்டுவன. வஞ்சம் என்பதற்கு மூலமான வடமொழித் தாது கோணிச் செல்லுதலைக் குறிக்கும். கைதவம், சூதாடியைக் குறிக்கும் 'கிதவ' என்னும் சொல்லினின்று பிறந்தது. களவு செய்பவன் உடையவன் அறியாதபடி கவர்கிறான். வஞ்சகனோ உடையவனை நம்பச் செய்து, அவன் கையாலேயே கொடுக்கச் செய்கிறான். எனவே இங்குப் பொருளோடு நம்பிக்கையும் பறிபோகிறது. இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். இழந்த நம்பிக்கை எளிதில் மீளாது.

இங்கு ஓர் ஐயம் எழும். எம்பெருமானையும் ஆழ்வார்கள் கள்வன் என்றும் மாயன் என்றும் அழைக்கின்றனரே? சிறுகாலைக் காட்டி மூவடி இரந்து, பெருங்காலால் அளந்தது வஞ்சமன்றோ எனில், அன்று. மூவுலகும் அவனுடைமை. அதனைத் தன்னதென்று மாவலி நினைத்ததே பிழை. தன்னுடைமையைத் தானே யாசகனாய் நின்று பெற்று, இழந்து நின்ற இந்திரனுக்கு மீட்டளித்தான். மாவலியின் தலையிலும் திருவடியை வைத்தருளினான். நம் வஞ்சத்திலோ கொள்வது பிறர் பொருள். விளைவது பிறர் துயர். ஆகவே அவன் செயலை நம் பொய்க்குச் சான்றாக்குதல் தகாது. கைங்கர்யத்தின் பெயரால் பொருள் திரட்டி வேறுவழியில் செலவிடுவோர்க்கும் இதுவே விடை.

உற்று நோக்கின், எல்லா வஞ்சத்துக்கும் வேர் ஒன்றே. அவனுக்கே உரிய ஆத்மாவை நம்முடையதென்று கொள்வதை ஆத்மாபஹாரம் என்பர் நம் பூர்வாசார்யர்கள். தன்னையே திருடிக்கொண்டவனுக்குப் பிறர் பொருளைக் கவர்வது அரிதோ?

ஆயினும் நமக்கு ஆறுதல் உண்டு. திருவாய்மொழியின் ஐந்தாம்பத்து முதல் திருவாய்மொழியில் நம்மாழ்வார், நெஞ்சு ஒன்றாமல் மேலெழச் சொன்ன சொற்களையும் மெய்யாகக் கொண்டு தம்மை எம்பெருமான் ஆட்கொண்டான் என்று ஈடுபடுகிறார். நம் பொய்யையும் மெய்யாக்கும் க்ருபை அது. அதனை நினைத்துப் பொய்யில் துணிவது, அந்த க்ருபையையே வஞ்சிப்பதாகும். நம்மால் ஏமாந்தவர் எவரேனும் இருப்பின், அவர் பொருளை அவரிடம் சேர்த்து, மன்னிப்பும் வேண்டிக்கொண்டு ஸந்நிதிக்குச் செல்வோம். அவனடியார் நெஞ்சு நோவ, அவன் திருவுள்ளம் உகக்குமோ?